மூன்று கருவிகளும் ஒரு வளைவும்

மார்ச் 7, வியாழன்

இன்றும் முடிவெடுக்காமல் வந்துவிட்டேன். நெஷாவின் சைக்கிள் கடையில் ஒன்றரை மணி நேரம். கையடக்க ஜி.பி.எஸ். கருவிகள் மூன்றை மேசையில் வரிசையாக வைத்தாள். ஒன்று தொடுதிரை. ஒன்றுக்குப் பக்கவாட்டில் பொத்தான்கள், சாதாரண பேட்டரி இரண்டு போட்டால் ஓடும். மூன்றாவதற்குப் பெரிய திரை. பார்க்க அழகு, தூக்கினால் செங்கல்.

"ஒவ்வொண்ணா ஒரு வாரம் எடுத்துட்டுப் போங்க மேஸ்திரி. எது சரிப்படுதோ அதை வச்சுக்கோங்க" என்றாள். நாற்பது வருடம் கூரை போட்ட தச்சனை, ஓய்வு பெற்ற பிறகும் இந்த ஊரில் யாரும் லுத்விக் என்று கூப்பிடுவதில்லை.

மே ஐந்தாம் தேதி மலைச் சங்கத்தின் முதல் சைக்கிள் சவாரி. இருபது பேர் வருவார்கள். பன்னிரண்டு வருடமாக முன்னால் போகிறவன் நான். போன அக்டோபரில் மூடுபனியில் ஒரு திருப்பத்தை விட்டுவிட்டு அத்தனை பேரையும் ஒரு விவசாயியின் மாட்டுத் தொழுவத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். பழைய கருவி கோணலாகக் காட்டியது, நான் என்ன செய்ய? புதுக் கருவி வாங்கினால் இந்த வருடமும் நீயே முன்னால் போ என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். இஸ்தோக்குக்குத்தான் அது பிடிக்கவில்லை. தபால்காரன், முப்பத்தெட்டு வயது, எனக்கு அடுத்த இடத்தில் நிற்கிறவன். "எதுக்கு மேஸ்திரி கருவி? போன்லயே பாத்துக்கலாமே" என்கிறான். போன் குளிரில் செத்துப்போகும் என்பது மலை ஏறித் தபால் போடுகிறவனுக்குத் தெரியாதா?

மார்ச் 10, ஞாயிறு

தொடுதிரை உதவாது. ஆலங்கட்டி மழை. கையுறையோடு தொட்டால் கல் மாதிரி இருக்கிறது. கையுறையைக் கழற்றினால் ஒவ்வொரு மழைத்துளியும் தானே தொட்டு வரைபடத்தை எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறது. அதோடு ஒரு குறை - மேல் வனப்பாதை, மரலாரி போகும் நேர்ப்பாதை, அது திரையில் நடுவே நெளிந்து தெரிகிறது. ஊசியிலை மரங்கள் அடர்ந்த இடத்தில் சிக்னல் தடுமாறும், அதனால் இருக்கலாம்.

மார்ச் 17, ஞாயிறு

பொத்தான் கருவி நல்லது. கண்ணை மூடிக்கொண்டே அழுத்தலாம். இறக்கத்தில் வேர்கள் மேல் குதித்தபோதும் ஹேண்டில்பாரில் பிடி தளரவில்லை. பேட்டரியை மலையிலேயே மாற்றிப் பார்த்தேன், ஒரு நிமிடம்.

ஆனால் அதே பாதை, அதே நெளிவு. நான் ஓட்டிய தடம் அல்ல, வரைபடத்தில் அச்சான கோடே நெளிகிறது. வரைபடம் போட்டவன் குடித்துவிட்டுப் போட்டானா? அந்தப் பாதை வெட்டும்போது நான் அங்கே நின்றவன். நூல் பிடித்த மாதிரி இருக்கும். பலகையைப் பார்ப்பதுபோல் இடது கண்ணை மூடி, முகத்தருகே வைத்துப் பார்த்தேன். இன்னும் அதிகம் நெளிந்தது.

மார்ச் 20, புதன்

தூக்கம் சரியில்லை. குளியலறைச் சுவரில் ஓடுகளின் கோடு கோணலாக இருப்பதை இன்று காலையில்தான் கவனித்தேன். எந்த மடையன் ஒட்டினான் என்று என் மனைவி ஸ்தென்காவிடம் கேட்டேன். பல் துலக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்: "நீதான்."

மார்ச் 23, சனி

மூன்றாவதும் நெளிகிறது. நெஷாவிடம் போய்க் கத்திவிட்டு வந்தேன். கத்தியது தப்பு. அவள் திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எனக்கு நேராத்தான் தெரியுது மேஸ்திரி" என்றாள், மெதுவாக. இரண்டு மில்லிமீட்டர் கோணலைப் பத்தடி தூரத்தில் சொல்கிறவன் நான். நேற்றுப் பிறந்தவள் எனக்கு நேர் எது என்று சொல்கிறாள்.

கோபத்தில் பொத்தான் கருவியையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 30, சனி

சும்மா இருக்க முடியவில்லை. பாதைக் குறிகளையாவது பார்ப்போம் என்று பெயிண்ட் டப்பாவோடு கிளம்பினேன். சங்கத்தில் குறி போடுகிற வேலையும் என்னுடையதுதான்: வெள்ளைப் பொட்டு, அதைச் சுற்றிச் சிவப்பு வளையம். போன கோடையில் என் முட்டி வலியால் மேல் பகுதியை இஸ்தோக் போட்டான். போட்ட லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே. ஒவ்வொரு மரத்திலும் வளையம் ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. பதினோரு குறிகளைத் திருத்தினேன். ஒவ்வொன்றையும் ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, வட்டம் வட்டமாக வரும்வரை விடவில்லை. பல நாளுக்குப் பிறகு இன்று நிம்மதி.

ஏப்ரல் 10, புதன்

சங்கக் கூட்டம். இஸ்தோக் எழுந்தான். "மேல இருக்கற நம்ம குறிங்களை எவனோ நாசம் பண்ணியிருக்கான். நல்லா இருந்த வளையத்து மேல எல்லாம் முட்டை முட்டையா வரைஞ்சு வச்சிருக்கான்." போனில் படம் எடுத்து வந்திருந்தான். எல்லோரும் குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். பள்ளிப் பிள்ளைகளின் சேட்டை என்றார் ஒருவர். சைக்கிள்காரர்களைப் பிடிக்காத விவசாயி யாரோ என்றார் இன்னொருவர், அந்தத் தொழுவத்துக்காரர் பெயரையும் சொன்னார்.

நானும் குனிந்து பார்த்தேன். என் பெயிண்ட். என் தூரிகை. முட்டையா?

ஏப்ரல் 11, வியாழன்

விடிந்ததும் போனேன். முதல் மரம். இடது கண்ணை மூடினேன் - நல்ல வட்டம். பிறகு, ஏன் என்று தெரியவில்லை, வலது கண்ணை மூடினேன்.

முட்டை.

பதினோரு மரம். பதினோரு முட்டை. இஸ்தோக்கின் பழைய சிவப்பு அடியிலிருந்து எட்டிப் பார்க்கிறது, அது வட்டமாகத்தான் இருக்கிறது. கீழே வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஓட்டப் பயமாக இருந்தது. நாற்பது வருடமாக வலது கண்ணால்தான் எல்லாவற்றையும் அளந்திருக்கிறேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

ஸ்தென்காவிடம் இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

சொன்னேன். சாலட்டில் பூசணி விதை எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள், கிண்ணம் நிறைந்து வழியும்வரை ஊற்றினாள். "எத்தன நாளா?" என்றாள். மார்ச்சிலிருந்து என்றேன். "மார்ச்சுலேர்ந்து ஊர்ல இருக்கற மெஷினையெல்லாம் திட்டிக்கிட்டு இருந்தியே, ஒரு தடவ என்கிட்ட வந்து சொல்லக் கூடாதா? கார்ல பேத்திய வச்சு ஓட்டிட்டுப் போனியே" என்று ஆரம்பித்து, முடிக்காமல் அழுதுவிட்டாள். தொழுவத்து விஷயம் அக்டோபர். அப்போதே இருந்ததா? அதை அவளிடம் சொல்லவில்லை. எனக்கே தெரியாதே.

ஏப்ரல் 16, செவ்வாய்

கண் மருத்துவமனை. கட்டம் போட்ட ஒரு தாள், நடுவில் புள்ளி. வலது கண்ணால் பார்த்தால் கட்டங்கள் நடுவில் தண்ணீர் பட்ட காகிதம் மாதிரி உப்பின. டாக்டர் அம்மாவுக்கு என் மகள் வயது இருக்கும். விழித்திரைக்கு அடியில் நீர் கசிகிறதாம். கண்ணுக்குள் ஊசி, மாதம் ஒன்று, இன்றே முதல் ஊசி. நினைத்த அளவு வலி இல்லை, நினைத்ததுதான் வலி.

"நின்னுடும்னு எதிர்பாக்கலாம். ஏற்கெனவே போனது முழுசா வராது. ஒரு மாசம் முன்னாடியே வந்திருந்தீங்கன்னா..." என்றார், அதோடு விட்டுவிட்டார். அந்த ஒரு மாதம் நான் நெஷாவின் கடையில் இருந்தேன்.

சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்டேன். மற்ற கண் நன்றாக இருக்கிறது, மெதுவாக ஓட்டலாம், தூரம் கணிப்பது பிசகும் என்றார். இருபது பேருக்கு முன்னால் போகலாமா என்று கேட்கவில்லை. அதற்கு டாக்டர் எதற்கு?

ஏப்ரல் 17, புதன்

கூட்டத்தில் எழுந்து நின்றேன். கண்ணில் கட்டு வேறு. முட்டை போட்டது நான்தான், விவசாயி மேல் பழி வேண்டாம், தொழுவத்துக்குப் போனதும் கருவியின் குற்றம் இல்லாமல் இருக்கலாம் என்றேன். சொல்ல நினைத்தது இன்னும் இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

இஸ்தோக்தான் முதலில் பேசினான்: "ஈஸ்டர் வருதுல்ல, முட்டைக்கெல்லாம் சாயம் பூசுவோமே. செவப்பு முட்டையாச்சே, அதுவரைக்கும் இருந்துட்டுப் போகட்டும் மேஸ்திரி. அப்புறம் ரெண்டு பேருமா போய் அழிப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவனைப் பற்றி இந்த நோட்டில் எழுதியதையெல்லாம் புரட்டிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 25, வியாழன்

அழித்தோம். அவன் வரைந்தான், நான் டப்பா பிடித்தேன். எரிச்சல் வராமல் இல்லை. தூரிகையை அவன் பிடிக்கிற விதம் இன்னும் தப்புதான்.

மே 3, வெள்ளி

நெஷாவிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேஸ்திரி, எங்கப்பா இதுக்கு மேல கத்துவாரு" என்றாள். பிறகு மூன்று கருவிகளையும் மறுபடி எடுத்து வைக்கச் சொன்னேன். பையிலிருந்து இஸ்தோக்கின் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டேன். தபால்காரனுக்கு என்ன விரல்களோ, எனக்குத் தொளதொளவென்று இருந்தது. அந்தத் தடித்த விரலோடு ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தேன். ஒன்றை அழுத்தினால் பக்கத்தில் இருப்பதும் அமுங்குகிறதா என்று பார்த்தேன். அமுங்கவில்லை.

"இதுவே இருக்கட்டும்" என்றேன்.

"உங்க ஹேண்டில்பார்ல இதை மாட்டற பிடி எடுக்கவா?" என்றாள்.

என்னுடையதற்கு இல்லை, இஸ்தோக்குடையதற்கு என்றேன். அதன் தடிமன் முப்பத்தைந்து மில்லிமீட்டர். அளந்து கொண்டுபோயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கான தடத்தை, தொழுவத்துக்கு முன்னால் வரும் திருப்பத்தில் ஓர் எச்சரிக்கைக் குறியோடு, நானே உட்கார்ந்து ஏற்றிக் கொடுத்தேன். கடைசி ஆளுக்குப் பின்னால் யாராவது வர வேண்டும். அது நான்.