அறந்தாங்கி வீட்டில் நீங்கள் பேசாதிருந்தது

என் பிரியமான ஞானசெல்வம் அக்காவுக்கு,

உங்களை அடக்கம் செய்து நாற்பது நாள் ஆகிறது. கல்லறைக்கு இன்னும் சிலுவை வைக்கவில்லை. உங்கள் மகன் திருச்சியில் சொல்லி வைத்திருக்கிறான். நீங்கள் இருந்தபோது கேட்காத மன்னிப்பை இப்போது கேட்க உட்கார்ந்திருக்கிறேன்.

பதினொரு வருடம், சனிக்கிழமைதோறும் சுவிசேஷக் கைப்பிரதிகளை எடுத்துக்கொண்டு நாம் வீடு வீடாகப் போனோம். கீரமங்கலத்தில் பூக்கட்டிக்கொண்டே நம் பேச்சைக் கேட்டவர்கள் உண்டு. “எங்களுக்கு எங்க சாமி இருக்கு, கெளம்புங்க” என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்களும் உண்டு. அப்படிச் சொன்னவர்களிடமே நீங்கள் குடிக்கத் தண்ணீர் கேட்பீர்கள். கோபத்தோடு கொடுத்த செம்பை வாங்கிக் குடித்துவிட்டு, “நல்லா இருங்கம்மா” என்று நடப்பீர்கள்.

பிறகு அறந்தாங்கியில் அந்த மதியம். முன்பின் தெரியாத வீடு. நான்தான் மணியை அழுத்தினேன். கையில் போனோடு வெளியே வந்தாள் மீனா.

“ஏஜென்ட் ஆபீஸ்ல இருந்தா வாரீங்க?”

“இல்லம்மா, நாங்க...” என்று நான் கைப்பிரதியை நீட்டினேன்.

“எங்க வீட்டுக்காரரு சவுதியில தவறிட்டாராம். இப்பத்தான் போன் வந்துச்சு. நெசமா இருக்குமாங்க?” என்று நம்மிடமே கேட்டாள்.

நீங்கள் என் கையிலிருந்த தாளை வாங்கி மடித்துவிட்டு, அவளைத் தாங்கி உட்காரவைத்தீர்கள். அவள் அண்ணனுக்குப் போன் போட்டதும் நீங்கள்தான். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் விட்டு வந்த அவள் மகளைத் தெருமுனையிலேயே எதிர்கொண்டு அழைத்துவந்ததும் நீங்கள்தான். உடல் ஊர் வந்துசேர இருபத்து மூன்று நாள் ஆனது. அத்தனை நாளும் ஜெராக்ஸ் கடைக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அவளோடு அலைந்தீர்கள். ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸில் வைத்துக் கேட்டேன். “இப்பப் பேசாம எப்பக்கா பேசப்போறோம்? ஆறுதல் தேடுற மனசுல்ல?”

“நொந்து கெடக்கிறவகிட்ட எதையும் விக்கக் கூடாது ஜெயா.”

அந்த ‘விக்க’ என்ற சொல் என்னைத் தைத்துவிட்டது. நான் விற்கிறவளா? அந்த வாரமே ஜெபக்கூட்டத்தில் எழுந்து, ஆண்டவர் பேரைச் சொல்ல வெட்கப்படுகிறவர்களோடு ஊழியத்துக்குப் போகமாட்டேன் என்றேன். பேர் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோரும் உங்களைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தீர்கள்.

போதகர் என்னை வேறொருவரோடு அனுப்பினார். உங்களை யாரோடும் அனுப்பவில்லை. அதன்பின் இரண்டு வருடம் நமக்குள், எதிரே பார்த்தால் சொல்லும் ஒரு ‘ஸ்தோத்திரம்’ மட்டும்தான் மிச்சம் இருந்தது. நீங்கள் நோயில் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கும் நான் நாலு பேரோடு சேர்ந்துதான் வந்தேன். தனியாக வரத் தைரியம் இல்லை.

உங்கள் அடக்க ஆராதனையன்று மீனா வந்திருந்தாள், அக்கா. மாலையோடு நம் சபைக் கோவில் கேட்டுக்கு வெளியே நின்றாள். “உள்ள வரலாமாங்க? நாங்க வேத்து ஆளுக” என்றாள். கையைப் பிடித்து அழைத்துவந்தேன். எல்லாம் முடிந்த பிறகு அவளே பேசினாள்.

“நீங்கதான ஜெயாக்கா? அக்கா ஒங்களச் சொல்லிக்கிட்டே இருக்கும். ஒரு வருசம் கழிச்சு நானாத்தான் கேட்டேன், ‘அன்னைக்கு எங்க வீட்டுக்கு என்னமோ சொல்ல வந்தீங்களே, அது என்னக்கா’ன்னு. சாயந்திரம் வரைக்கும் சொன்னுச்சு. சொல்லும்போதே அழுதுருச்சு. நான் எங்க சாமிய விட்டுறலக்கா. ஆனா பயமா இருந்தா, அது சொல்லிக்குடுத்த ஜெபத்தையும் சொல்லிக்குவேன்.”

இதை ஏன் என்னிடம் சொல்லாமல் போனீர்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால்தான் நான் காதுகொடுத்துக் கேட்டிருப்பேனா?

போன ஞாயிறு சபையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை உங்கள் பேரையும் சொன்னேன். போதகர் தலை கவிழ்ந்து நின்றார். வெளியே வந்ததும் அத்தான் என்னிடம் வந்தார். “அவ ஒம்மேல வருத்தப்பட்டதே இல்ல ஜெயா. சனிக்கிழமையானா, ‘இந்நேரம் எந்தத் தெருவுல வெயில்ல நிக்கிறாளோ’ன்னு ஒனக்காக முழங்கால் போட்டு ஜெபிப்பா” என்றார்.

மீனாவின் மகள் இப்போது பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். திங்கட்கிழமை அவர்களோடு புதுக்கோட்டைக்கு, விண்ணப்பம் வாங்கப் போகிறேன்.

இனி நான் போகிற வீடுகளில் முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்பேன், பிறகுதான் பேசுவேன். மீனா ஆண்டவரைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்காமலே இருக்கலாம். அப்போதும் அவள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பேன், அக்கா.

உங்களோடு நடந்தவள், உங்களை நோகடித்தவள்,
உங்கள் தங்கை ஜெயா