'லாம்' போய் 'வேண்டும்' வந்த நாள்

அன்பில் குறை வைக்காத என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். அங்கே நலமா என்று வழக்கம்போலக் கேட்க இந்த முறை கை வரவில்லை. முதலாளி கைவிட்டு ஓடிப்போன கப்பலில், டீசலும் விளக்கும் இல்லாமல், போனுக்குச் சார்ஜ் ஏற்றக்கூட வழியில்லாமல், அந்நியத் துறைமுகத்தில் நங்கூரம் போட்டு உட்கார்ந்திருக்கிறவரிடம் நலமா என்று கேட்டால் அது வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதுதான். அதனால், சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்கிறேன். மாலுமிகள் நலச்சங்கத்துப் படகு தண்ணீர் கொண்டுவரும்போது இந்தக் கடிதத்தையும் உங்களிடம் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. சின்னவளுக்கு முன்பற்கள் விழுந்துவிட்டன. சோறு கேட்டால் "தோறு" என்கிறாள். பெரியவள் கணக்கில் வகுப்பிலேயே முதலாவது. அப்பா வந்ததும் நானேதான் சொல்வேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். பெண்பிள்ளை வாயில் ரகசியம் தங்காது என்று நீங்கள்தான் சொல்வீர்களே, இதோ சொல்லிவிட்டேன், தெரியாததுபோல் இருந்துகொள்ளுங்கள். தையல்கடையில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. பள்ளி திறக்கிற சமயம், அண்ணன் சட்டையைத் தம்பிக்குக் குறைக்கிற ஆல்டரேஷன் வேலை மலைபோலக் குவிந்திருக்கிறது.

நேற்று கடைக்கு லீவு போட்டுவிட்டு நானும் அத்தையும் மேலவைக்குப் போனோம். உங்கள் அம்மா நாடாளுமன்றத்துக்குப் போனார் என்றால் நம்புவீர்களா? ஒற்றை நாற்காலி அம்மாதான் அனுமதிச்சீட்டு வாங்கிக் கொடுத்தார். அவர் யார் என்று கேட்பீர்கள். துறைமுக ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். அவர் கட்சிக்கு மேலவையில் அவர் ஒருவர்தான் உறுப்பினர், அதனால் அந்தப் பெயர். உங்கள் கப்பல்காரர்களின் குடும்பங்கள் சேர்ந்து மனு எழுதி எத்தனையோ பெரிய மனிதர்களிடம் கொடுத்தோம். அதைப் படித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டவர் இவர் ஒருவர்தான்.

உங்களைப் போல வெளிநாட்டில் கைவிடப்பட்ட கப்பல் ஊழியர்களை அரசே தன் செலவில் அழைத்து வருவதற்கு ஒரு மசோதா. கீழவையில் ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. நேற்று மேலவையில் அதற்கு முறை.

டிவியில் இவர்கள் கத்துவதைத்தானே பார்த்திருக்கிறோம். சந்தைக்கடை என்று நினைத்துப் போனேன். உள்ளே நுழைந்தால், மறைந்துபோன ஒரு பழைய உறுப்பினருக்காக எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். அவர் எந்தக் கட்சி என்பதைக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. பிறகு அமைச்சர்கள் ஒவ்வொருவராக எழுந்து, இந்த அறிக்கையை அவையின் மேசையில் வைக்கிறேன் என்றார்கள். மேசைக்குக் கிட்டேயே யாரும் போகவில்லை, வைத்ததாகவே கணக்கு. அத்தைக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "நானும் இனிமே பாத்திரம் எல்லாம் தேய்ச்சு மேடையில வைக்கிறேன்னு சொல்லிட்டு உட்கார்ந்துக்கறேன்" என்று என் காதில் சொன்னார்.

கேள்வி நேரத்தில் ஓர் ஊரின் பாலம், இன்னொரு ஊரின் ஆஸ்பத்திரி லிஃப்ட், யாரோ ஓர் ஓய்வூதியர் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒருவர் லிஃப்டைப் பற்றி விடாமல் மூன்று முறை எழுந்தார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தேன். அந்த லிஃப்டுக்காகப் படியில் மூச்சு வாங்குகிற ஒருவர் இருக்கிறார் அல்லவா, அவருக்காக இவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒரு மனிதர் எழுந்து நிற்கிறார். நடுவில் இருக்கும் மேசையில் பேச்சை எழுதுகிற இரண்டு பெண்கள். அவர்கள் முறை மாறுவது கண்ணுக்கே தெரியவில்லை, ஒருத்தி பேனா தூக்கும்போது இன்னொருத்தி பேனா ஓடுகிறது. பார்க்கப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் அந்த அம்மா எங்களைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். அறை என்றால் மூன்று பேருக்குப் பொதுவான, பீரோவை நகர்த்தினால்தான் கதவு திறக்கிற ஒரு மூலை. மசோதாவை மேசையில் விரித்து ஒரு வரியில் விரல் வைத்தார். "அரசு அவர்களை அழைத்து வரலாம்" என்று இருந்தது. வரலாம்.

அந்த 'லாம்' எனக்குப் பழக்கமானதுதான். கப்பல்துறை அலுவலகத்தில் இப்போதைய விதியிலும் அதுதான் இருக்கிறது. ஒவ்வொரு முறை நான் போய் நிற்கும்போதும் அங்கிருக்கிற அதிகாரி, "அழைச்சுட்டு வரலாம்னுதாம்மா போட்டிருக்கு, வரணும்னு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டுத்தான் என்னை அனுப்புவார். கெட்ட மனிதர் இல்லை, தண்ணீர்கூடக் கொடுப்பார்.

அந்த 'லாம்' என்பதை 'வேண்டும்' என்று மாற்றத் திருத்தம் கொடுத்திருப்பதாக அம்மா சொன்னார். ஆனால் அதில் ஒரு சிக்கல். மேலவை ஓர் எழுத்தும் மாற்றாமல் நிறைவேற்றினால் அடுத்து கையெழுத்து, இந்த மாதமே சட்டம். மாற்றினால் மசோதா கீழவைக்குத் திரும்பிப் போக வேண்டும். கீழவை போன வாரமே கூட்டத்தை முடித்துக்கொண்டு போய்விட்டது. இனி அது கூடுவது ஆண்டுக் கடைசியில். "திருத்தத்தை வாபஸ் வாங்கணும்னாலும் வாங்கிடறேன். காத்துக்கிடக்கிறது உன் புருஷன். நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டார். அவ்வளவு படித்த, அவ்வளவு பார்த்த மனுஷி என்னைக் கேட்டார். தனக்குத் தெரிந்ததையே செய்துவிட்டுப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தைதான் முந்திக்கொண்டார். "அவன் கல்யாணமான நாள்லேருந்து லீவுக்கு வரலாம், வரலாம்னுதான் எழுதறான். அந்த லாமை நம்பி எத்தனை தடவை நான் வாசலைப் பார்த்தேன்!" என்றார். அம்மா சிரித்துவிட்டார். ஆனாலும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

மதியம் மசோதா வந்தது. அமைச்சர் நல்ல பேச்சாளர். சட்டங்களில் 'லாம்' என்று எழுதுவது மரபு, அரசு எப்படியும் செய்யத்தான் போகிறது, ஒரு சொல்லுக்காகத் தாமதம் எதற்கு என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அவர் சொல்வது சரிதானோ என்று தோன்றியது. அம்மா எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "செய்யத்தான் போறீங்கன்னா எழுதறதுக்கு என்ன தயக்கம்? நோயாளிக்கு மருந்து கொடுக்கலாம்னு டாக்டர் எழுதினா, எந்த நர்ஸ் எப்ப கொடுப்பா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். எதிர்வரிசையிலேயே நாலு பேர் மேசையைத் தட்டினார்கள்.

அவைத்தலைவர், திருத்தத்தை ஆதரிப்போர் 'ஆம்' என்க என்றார். கீழே கொஞ்சம் பேர் 'ஆம்' என்றார்கள். அதற்கு மேல் ஒரு குரல், மண்டபமே அதிர, "ஆமா!" என்றது. பார்த்தால் பக்கத்தில் உங்கள் அம்மா எழுந்து நிற்கிறார்! பார்வையாளர் மாடத்தில் இருமக்கூடக் கூடாது. காவலர் ஓடிவந்தார், எனக்கு உயிரே இல்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேலே பார்த்து, "மாடத்திலிருந்து வந்த 'ஆம்' குறிப்பில் ஏறாது. ஆனால் அவை அதைக் கேட்டது" என்றார். எல்லாக் கட்சியும் சேர்ந்து சிரித்தது. காவலரும் அத்தையை உட்கார மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உட்கார்ந்தபின் அத்தை கையை நான் பிடித்துக்கொண்டேன்.

'இல்லை' என்ற குரல்தான் பெரிதாக இருந்தது. தோற்றது என்று நினைத்தேன். அம்மா எழுந்து, எண்ணிப் பார்க்கக் கேட்டார். உடனே கட்டடம் முழுக்க மணி அடித்தது. கேன்டீனிலிருந்தும் நூலகத்திலிருந்தும் உறுப்பினர்கள் வாயைத் துடைத்தபடி ஓடிவந்தார்கள். மணி நின்றதும் கதவுகளைச் சாத்திவிட்டார்கள், அதற்குப் பிறகு வந்தால் வாக்கு இல்லை. எண்ணினார்கள். இரண்டு வாக்கில் 'லாம்' போய் 'வேண்டும்' வந்தது. அமைச்சர் கட்சியில் சிலர் வந்து சேரவே இல்லை. டீ ரொம்பச் சூடாக இருந்ததாம், அம்மா அப்புறம் கண்ணைச் சிமிட்டிச் சொன்னார். தோற்ற அமைச்சர் தன் இடத்திலிருந்து இறங்கி வந்து அம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் போனதை நானே பார்த்தேன். அதற்குள் அவை அடுத்த மசோதாவுக்குப் போய்விட்டது, எடைக்கற்களைப் பற்றியது. ஒன்றுமே நடக்காததுபோல அந்த இரண்டு பெண்களும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது புரிந்திருக்கும், அந்த அறையில் நான் என்ன பதில் சொன்னேன் என்று. மாற்றச் சொன்னேன். இந்த மாதமே வந்திருக்கக்கூடிய சட்டத்தை நான்தான் ஆண்டுக் கடைசிக்குத் தள்ளினேன். கீழவையும் ஒப்புக்கொள்ளும் என்று அம்மா உறுதியாகச் சொல்கிறார். பழையபடி வந்திருந்தால் அந்த அதிகாரி அதே வரியை எனக்குப் புதிய புத்தகத்தில் காட்டியிருப்பார், அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் காத்திருக்கப் போவது நானில்லை, நீங்கள். உங்களோடு சமையற்காரத் தம்பி, தலைப்பிரசவத்துக்குப் பெண்டாட்டியை விட்டுவந்த இயந்திரக்காரர், எல்லோரும். உங்கள் ஒருவரையும் கேட்காமல் சொல்லிவிட்டேன். கேட்க வழியிருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

அவர்களிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த அம்மா மேல் யாரும் வருத்தப்பட வேண்டாம், சொன்னது உன் பெண்டாட்டிதானே என்று என்னை வையட்டும்.

போன இரண்டு தடவையும் படகு உங்கள் கடிதம் இல்லாமலே திரும்பி வந்தது. காகிதம் தீர்ந்திருக்கும் என்று அத்தையிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இதோடு வெள்ளைத் தாளும் இரண்டு பேனாவும் வைத்திருக்கிறேன். நான் செய்தது தப்பு என்று பட்டால் திட்டி எழுதுங்கள், தாள் நிறையத் திட்டுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

என்றும் உங்களுடைய,
வீட்டுக்காரி