இஷ்டப்பட்டுக் கொடுத்ததாக எழுதிய காகிதம்

பிச்சாட்டூர்
12-8-2016

அன்பு மகள் யமுனாவுக்கு நைனா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், ஆடுகள் ஆறும் அப்படியே. அந்த ராஜஸ்தான் வெயிலில் நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் திருமலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நம் மேட்டு நிலம் என்ன ஆச்சு என்று நீ கேட்டபோது, நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அது பாதிதான் உண்மை. மீதியை வாய் விட்டுச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த இரண்டு ஏக்கரை உன் தாத்தாவுக்குச் சர்க்கார் கொடுத்தது உனக்குத் தெரியும். அதற்கு முன் நம் வீட்டில் யாருக்கும் ஒரு அடி மண் சொந்தமில்லை. விற்கக்கூடாது, சர்க்கார் கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். தை மாதம் அளக்க வந்தவர்கள், சூரிய மின்சாரத்துக்கு நிலம் வேண்டும், நாடு முழுக்க இந்தத் திட்டம்தான் என்றார்கள். எனக்குக் கோபம் வரவில்லை யமுனா, பெருமையாகத்தான் இருந்தது. மூன்று வருஷமாக மழை இல்லாமல் வேர்க்கடலை காய்ந்து போனதைப் பார்த்தவன் நான். கரியை எரித்து எரித்துத்தான் வானம் இப்படி ஆனது என்று நீ சொன்னதையும் மறக்கவில்லை. அதனால் டீக்கடையில் எல்லோரும் கேட்க, எம் பொண்ணும் இந்த வேலைதான் செஞ்சிகினு கீது என்று சொல்லிவிட்டேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவன் கம்பெனிக்கு நிலம் பேசிக் கொடுக்கும் சிட்டிபாபு. நாலு நாள் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கிருஷ்ணப்பா, நீ எதுத்துகினு நின்னா உம் பொண்ணு வேலைக்கு ஆபத்து. கம்பெனிக்காரங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க" என்றான். உனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்ற பயத்தில், தெலுங்கில் எழுதியிருந்த காகிதத்தில் என்ன இருக்கிறதென்று கூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். உன் அம்மாவிடம் சொல்லவில்லை. ஒரு மாதம் அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை.

பங்குனியில் கிராம சபை கூட்டம் போட்டார்கள். பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். ஊர் நிலக் கணக்கு பார்க்கும் வி.ஆர்.ஓ. நாகபூஷணம் காகிதக் கட்டை வைத்துக்கொண்டு நம் காலனி ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். உன் அம்மா எழுந்து போய் ஒரு காகிதத்தைக் கேட்டு வாங்கினாள். வடமாலபேட்டையில் ஏழாவது வரை தெலுங்கில் படித்தவள் அல்லவா, சத்தமாகப் படித்தாள். நாங்கள் எங்கள் சுய விருப்பத்தோடு, யாருடைய கட்டாயமும் இல்லாமல் நிலத்தைச் சர்க்காருக்குத் திருப்பிக் கொடுக்கிறோம், பயிருக்கு மட்டும் ஈடு பெற்றுக்கொள்கிறோம் என்று அதில் இருந்தது. படித்துவிட்டு அதிகாரியைப் பார்த்து, "சார், எங்க இஷ்டம் இன்னான்னு இன்னிக்கு வரைக்கும் யாருமே கேக்கல. கேக்காமயே எழுதிகினு வந்துகீறீங்க. கரண்டு வேணாம்னு நாங்க சொல்லல. அந்த வேதாச்சலம் நாயுடு மாந்தோப்பு மேல வெயில் அடிக்கலயா? அது பட்டா நெலம், அத்த எடுத்தா முழு வெல குடுக்கணும். எங்களுதுன்னா சும்மா வரும், அதான எங்ககிட்ட வந்தீங்க?" என்றாள். சிட்டிபாபு, "உம் புருஷனே கையெழுத்து போட்டுட்டான், நீ இன்னாமா பேசிகினு கீற?" என்று சிரித்தான். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டவில்லை யமுனா. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

எனக்கு எப்படித் தைரியம் வந்ததோ, எழுந்துவிட்டேன். எம் பொண்ணு வேலை போயிடும்னு பயமுறுத்தினாங்க, அதுக்காக படிக்காம போட்ட கையெழுத்து சார் இது, என் இஷ்டம் இல்ல, அடிச்சிடுங்க என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அழுதும் விட்டேன். அதிகாரி சிட்டிபாபுவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நான் சொன்னதை அப்படியே கூட்டத் தீர்மானத்தில் எழுதச் சொன்னார். அதைக் கையில் வைத்துக்கொண்டு பதினொரு குடும்பம் சேர்ந்து ஆறு திங்கட்கிழமை சித்தூருக்கு பஸ் ஏறி கலெக்டரிடம் மனு கொடுத்தோம். போன வாரம் உத்தரவு வந்துவிட்டது. நிலம் போகிறதுதான், அதை நிறுத்த முடியவில்லை. ஆனால் பட்டாக்காரர்களுக்கு என்ன விலையோ அதே விலை நமக்கும் உண்டு, ஏரிக்கு ஆடு ஓட்டும் வழியை விட்டுத்தான் வேலி போடுவார்கள். நம் காலனி கங்கம்மாளுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அவள் முதலிலேயே கைநாட்டு வைத்து, ஆடுகளை விற்றுவிட்டு, கும்மிடிப்பூண்டியில் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். கூட்டத்துக்கே வராதவள் பேர் எப்படிச் சேரும் என்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை நானும் அம்மாவும் அவளுக்காகப் போகிறோம்.

இதைப் படித்துவிட்டு நீ வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லக்கூடாது, அம்மா கண்டிப்பாக எழுதச் சொன்னாள். உன் வேலை நல்ல வேலை. ஒன்று மட்டும் செய். புது இடத்தில் கம்பம் நட நீ போகும்போது, காகிதத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காதே. அந்த நிலத்தில் நேற்று வரை யார் ஆடு மேய்ந்தது என்று விசாரி. அந்த வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் பாஷையில் படித்துக் காட்டு. உன் மேலதிகாரி கோபித்தால் கோபிக்கட்டும். உனக்காகப் பயந்து ஒரு தடவை தப்பு செய்தேன், இனி பயப்பட மாட்டேன்.

தலையில் துணி கட்டாமல் வெயிலில் நிற்காதே. அம்மா மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், ஊர்க்காரர் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய், இந்தத் தடவை போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓட மாட்டேன். ஏழுமலையான் உனக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியான தூக்கமும் கொடுக்கட்டும்.

என்றும் உன் நைனா,
கிருஷ்ணப்பா