பச்சை மையில் ஒரு தீர்மானம்

மார்ச் 4

மாலை வகுப்புக்கு ஒன்பது பேர். நகர மன்றக் கட்டடத்தின் மாடியில், பழைய படிவங்களை அடைத்துவைத்திருக்கும் அறைதான் எங்கள் வகுப்பறை. பாடம், மன்றம் எப்படி இயங்குகிறது. கரும்பலகையில் பெட்டி பெட்டியாக வரைந்தேன்: மக்கள், உறுப்பினர்கள், மன்றம், அலுவலகம். நடுவே அம்புக்குறிகள்.

லாரி டிரைவர் கை தூக்கினார். "டீச்சர், இந்த மன்றம் கடைசியா எப்பக் கூடுச்சு?"

பதினோரு மாதம் ஆகிறது. தலைவரும் உறுப்பினர்களும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், "அது பாடத்துல இல்லை" என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் மேலேயே எரிச்சல். பாடத்தில் இல்லையாம். வேறு எதுதான் பாடம்?

மார்ச் 6

அக்காவுக்கு மாவுக்கட்டை மாற்றிப் போட்டார்கள். இன்னும் ஏழெட்டு வாரம் ஆகுமாம். மருந்துக்கடை முனையில் சாக்கடைக்கு மூடி இல்லாமல் இரண்டு வருடம். அதில் கால் வைத்தவள் இவள். சலவைக் கடையில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போட்டவள், இப்போது நாற்காலியில் உட்கார்ந்து என்னை வேலை வாங்குகிறாள்.

மூன்றாவது மனுவையும் நானே கொண்டுபோனேன். தலைமை எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தீர்மானம் இருந்தாத்தாம்மா வேலை. மன்றம் கூடினாத்தான் தீர்மானம்."

"எப்பக் கூடும்?"

"தலைவரைக் கேளுங்க."

"தலைவரை எங்க பார்க்கலாம்?"

"மன்றம் கூடுறப்ப வருவார்."

அவர் சிரிக்கக்கூட இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு மாடியேறி, அம்புக்குறி வரையப் போனேன். அதே கட்டடம், அதே படிக்கட்டு. வெட்கமாக இருந்தது.

மார்ச் 11

இன்று பாடம் நடத்தவில்லை, மன்றம் நடத்தினோம். ஒன்பது பேரும் ஆளுக்கொரு வட்டத்து உறுப்பினர். தையல்காரம்மாதான் தலைவர். முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்த அம்மா ஸ்கேலால் மேசையைத் தட்டி, "ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க, இல்லேன்னா கூட்டத்தைக் கலைச்சுடுவேன்" என்றார். உண்மையான தலைவருக்கு இந்தக் குரல் இருந்திருந்தால் ஊர் உருப்பட்டிருக்கும்.

தீர்மானம்: மருந்துக்கடை முனைச் சாக்கடைக்கு உடனே மூடி போடுவது. ஆறாம் வட்ட உறுப்பினர் முன்மொழிந்தார், ஒன்பதாம் வட்ட உறுப்பினர் வழிமொழிந்தார். எதிர்ப்பு இல்லை. நோட்டில் எழுதினால் நாடகம் மாதிரி இருக்கும் என்று, அலமாரியில் தூங்கிய அசல் படிவத்தில் எழுதவைத்தேன். ஒரு பிழை இல்லை. திருத்தப் போனால் என் சிவப்புப் பேனா காய்ந்துவிட்டது. டிரைவர் தன் பேனாவைக் கொடுத்தார். சரிக்குறி போட்டு, கையெழுத்தும் தேதியும் போட்டேன்.

மார்ச் 13

அக்காவுக்கும் எனக்கும் ஜன்னலைத் திறப்பது பற்றிச் சண்டை. அவள் ஜெயித்தாள்.

மார்ச் 27

மருந்துக்கடை முனையில் மூடி இருக்கிறது. கான்கிரீட், புத்தம் புதிது. நான் அதன் மேல் ஏறி நின்று பார்த்தேன். அக்காவிடம் சொன்னபோது நம்பவில்லை. "என் கால் போனப்புறம்தான் அவங்களுக்குக் கண் தெரிஞ்சுதா?" என்றாள். பிறகு இரண்டு முறை மூடியின் அகலம் கேட்டாள்.

ஏப்ரல் 2

பேனா முனை தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

எனக்கு விளக்கக் கடிதம் கேட்டு நோட்டீஸ். மன்றத்தின் பெயரில் போலித் தீர்மானம் தயாரித்தேனாம். அன்று மேசையில் விட்டுவந்த தாளை, காலையில் பெருக்க வந்தவர் அலுவலகத் தாள் என்று நினைத்துக் கீழே கொண்டுபோய்த் தட்டில் வைத்திருக்கிறார். டிரைவரின் பேனா பச்சை. அந்த அலுவலகத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போடுவது அதிகாரிகள் மட்டும். பச்சையைப் பார்த்தார்கள், முத்திரை குத்தினார்கள், ஆள் அனுப்பினார்கள்.

"ஒருத்தர்கூடப் படிச்சுப் பார்க்கலையா சார்?" என்று தலைமை எழுத்தரிடம் கேட்டேன்.

"தலைவர் வீட்டுலேர்ந்து வர்ற தீர்மானம் எல்லாம் அப்படித்தாம்மா வரும்" என்றவர், சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்படியா சேதி? கூட்டமே இல்லாம தீர்மானம் வந்துட்டுதான் இருக்கு. எங்க அக்கா காலுக்கு மட்டும் மன்றம் கூடணும். மூணு மனு. மூணு தடவை படியேறினேன். என்னைப் பார்த்தா கள்ளக் கையெழுத்து போடுற மூஞ்சியா தெரியுது? அவர் முகத்துக்கு நேரேயே கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும். மூடியை எடுத்துக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள், என் வேலைக்கு ஒன்றும் ஆகாது.

மூடியை எடுப்பார்களாம்!

ஏப்ரல் 3

அக்கா சொல்கிறாள்: "எழுதிக் குடுத்துடுடி. நானும் வீட்டுல உட்கார்ந்திருக்கேன், நீயும் உட்கார்ந்தா அடுப்பு எரியுமா?"

நியாயம்தான். அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய' வரை வந்தது. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவினதையே மறுபடி கழுவினேன். நான் மன்னிப்புக் கேட்டால் அடுத்த வகுப்பில் எந்த முகத்தோடு அம்புக்குறி வரைவது?

ஏப்ரல் 4

எழுதிக் கொடுத்துவிட்டேன். மன்னிப்பு இல்லை. அது வகுப்புப் பயிற்சித் தாள், படித்துப் பார்க்காமல் முத்திரை குத்தியது அலுவலகம். முடிந்த பொது வேலையை நீக்க மன்றத் தீர்மானம் வேண்டும், பதினான்காம் விதி. மூடியை எடுப்பதானால், எந்தக் கூட்டத்தில் முடிவானது, யார் யார் வந்தார்கள் என்ற வருகைப் பதிவேட்டின் நகல் எனக்கு வேண்டும். ஒன்பது மாணவர்களும் கீழே கையெழுத்திட்டார்கள். எல்லாம் நீல மையில்.

ஏப்ரல் 15

அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருக்கிறார்கள். மன்றம் கூடுகிறது. ஒரு வருடமாகக் கூடாத மன்றம், ஒரு மூடியைப் பிடுங்குவதற்காகக் கூடுகிறது. பொதுமக்கள் வரலாம் என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது. டிரைவர் அதைச் சத்தமாக வாசித்தார்.

ஏப்ரல் 22

பார்வையாளர் பெஞ்சு நிறைந்துவிட்டது. எங்கள் ஒன்பது பேரும் நோட்டோடு வந்திருந்தார்கள். அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். முன்வரிசையில், கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, உறுப்பினர்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். "வசதியா இருக்கு" என்றாள்.

முதல் பொருள், மூடியை நீக்குவது. தலைவருக்கு வேண்டிய ஒருவர் முன்மொழிந்தார், தாளிலிருந்து தலை நிமிராமல்.

"வழிமொழிபவர்?" என்றார் தலைவர்.

மின்விசிறி சுற்றியது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் அக்காவின் காலைப் பார்த்துவிட்டு, கூரையைப் பார்த்தார். தலைவர் இரண்டாவது முறை கேட்டார். மூன்றாவது முறையும் கேட்டார். தையல்காரம்மா என் காதருகே, "வழிமொழிய ஆளில்லேன்னா தீர்மானம் விழுந்துடும், இல்லையா டீச்சர்?" என்றார். தலையாட்டினேன். விழுந்தது. எழுத்தர் எழுதிக்கொண்டார்.

இரண்டாவது பொருள், மாலை வகுப்பை நிறுத்துவது, ஆசிரியரை விடுவிப்பது. அதற்கு மூன்று பேர் போட்டிபோட்டு வழிமொழிந்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூடியில் கைவைக்கப் பயம், என் மேல் கைவைக்கப் பயமில்லை.

வெளியே வரும்போது டிரைவர் கேட்டார்: "ரெண்டாவதுக்கு முதல்ல கை தூக்குனவர் எந்த வட்டம் டீச்சர்? நோட்டுல விட்டுப்போச்சு."

"நாலாம் வட்டம்" என்றேன்.

"எங்க வட்டம்" என்றார் தையல்காரம்மா.

ஏப்ரல் 30

வேலை இல்லை. அக்காவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. கோலை ஊன்றி மூடிவரை நடந்து போய், அதைக் கோலால் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்தாள்.

மே 6

தையல் கடையில் வகுப்பு. நாற்காலி போதவில்லை, இரண்டு பேர் துணி மூட்டை மேல். கரும்பலகை கிடையாது, துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி மட்டும் உண்டு.

பாடம் தொடங்குமுன் தையல்காரம்மா ஒரு தாளை நீட்டினார். வரப்போகும் தேர்தலில் நாலாம் வட்டத்துக்கான வேட்பு மனு. எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. முன்மொழிபவர் இடத்தில் லாரி டிரைவரின் கையெழுத்து. வழிமொழிபவர் இடம் காலி.

விதிகளைப் படித்துப் பார்த்தேன். மன்ற ஊழியர்கள் யாரையும் வழிமொழியக் கூடாது. மறுபடியும் படித்தேன். நான் இப்போது ஊழியர் இல்லை.

"பேனா குடுங்க" என்றேன்.

டிரைவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூடியைத் திறந்து பார்த்தேன்.

"நீலம் இல்லையா?"