நடுத்தூணில் இருந்த துளைகள்

நைனா,

போன வாரம் நம் மரக்கோயிலைப் பிரித்துவிட்டார்கள். கரையான் அரித்த பலகைகள் லாரியில் போய்விட்டன. நடுவிலிருந்த இரண்டு தூண்களை மட்டும் உங்கள் தம்பி, சித்தப்பா, நம் வாசலில் போட்டு வைத்திருக்கிறார். வெயில் ஏற ஏறப் பழைய பெயின்ட் வாசனை எழும்புகிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் சுவர்ப் பலகைகளுக்கு நாங்கள் பிள்ளைகள் பெயின்ட் அடிப்போம். நடுத்தூண் இரண்டையும் தொட விடமாட்டீர்கள். "அது என் வேலைம்மா" என்பீர்கள். பக்தி என்று நினைத்தேன்.

இப்போது நீங்கள் பூசி அடைத்திருந்த லப்பம் உதிர்ந்து துளைகள் தெரிகின்றன. இரண்டு தூணிலும் இடுப்பு உயரத்தில், எதிரெதிராக. சித்தப்பாவிடம் கேட்டேன்.

யுத்தகாலத்தில் குண்டுக்குப் பயந்து மெட்ராஸிலிருந்து வந்து தங்கிய குடும்பங்களுக்காகக் கட்டிய கோயிலாம் அது. சவுக்கு சுமந்ததும் பலகை அறுத்ததும் நம்மவர்கள். தூணுக்குத் தூண் குறுக்கே ஒரு மரச்சட்டம் அடித்து, அதற்குப் பின்னால் நம்மை உட்காரச் சொன்னார்களாம். யுத்தம் முடிந்து அவர்கள் திரும்பிப் போனார்கள். நம்மவர்கள் மட்டும் சட்டத்தைத் தாண்டவே இல்லை. பாதிரியார் பல வருடம் காலியான முன்பாதிக்கு அப்பாலிருந்து பிரசங்கம் செய்திருக்கிறார்.

"யாரும் வேணாம்னு சொல்லல. ஆனா போவ மாட்டோம்" என்றார் சித்தப்பா. "ஒங்க நைனாதான் ஒரு நாளு கடப்பாறைய எத்துக்கினு வந்து பேத்தாரு. பின்னால ஒனக்குச் சொல்லாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு. படிச்ச பொண்ணு நம்மள இன்னான்னு நெனைக்கும்னாரு."

எம்.ஃபில். ஆய்வுக்காக டேப் ரெக்கார்டருடன் உங்கள் எதிரே உட்கார்ந்தேனே. "நம்ம கையால நமக்கோசரம் கட்னது. மொத நாள்லேர்ந்து எல்லாருக்கும் ஒரே பாய்" என்றீர்கள். எதையும் இரண்டு பேரிடம் விசாரிக்கிற நான் அதை மட்டும் விசாரிக்கவில்லை. எழுதியதை உங்களுக்கு வாசித்தும் காட்டினேன். ஒரு வார்த்தை திருத்தவில்லை நீங்கள். அந்தப் பொய் என் பெயரில் நூலகத்தில் இருக்கிறது.

சட்டத்தைப் பெயர்த்ததைச் சொல்லியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். ஆனால் அதைச் சொன்னால், சட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததையும் சொல்ல வேண்டும். படிக்க அனுப்பினீர்கள், படித்த பிறகு என்னை நம்பவில்லை.

புதிய கோயிலின் கல்வெட்டுக்கு என் ஆய்விலிருந்து அந்த 'ஒரே பாய்' வரியைத்தான் கேட்டார்கள். நேற்று கமிட்டியில் துளைகளைப் பற்றிச் சொல்லி, உண்மையைப் பொறிக்கலாம் என்றேன். கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகள்தான் கமிட்டி. "நமக்குத்தானக்கா அசிங்கம்? ஒங்க நைனா இருந்தா ஒத்துக்குவாரா?" என்றான் செயலாளர்.

"ஒத்துக்க மாட்டாரு" என்றேன்.

கல்லில் ஆண்டு மட்டும் போதும் என்று முடிவாயிற்று. ஆய்வுக்கு நான் ஒரு திருத்தம் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடப்பாறையும் அதில் வரும்.

இன்று காலை, வெகு நாளைக்குப் பிறகு, ஆராதனைக்குப் போனேன். தற்காலிகக் கொட்டகை, தூணும் இல்லை, சட்டமும் இல்லை. முன்னால் பாய்கள் காலியாகக் கிடந்தன. ஜெபம் பாதி முடிந்த பிறகுதான் கவனித்தேன், நைனா. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.