நாற்பதாம் நாள் கோதுமை

அக்கா,

இன்று மத்தியானம் சலவை இயந்திரத்திலிருந்து படுக்கை விரிப்பை எடுத்து உதறியபோது நாலைந்து கோதுமை மணிகள் நிலத்தில் விழுந்தன. குனிந்து ஒன்றை எடுத்து மூக்கருகே பிடித்தேன். புளித்த மணம் இல்லை. இன்னொன்றை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. சவர்க்காரத்தில் தோய்ந்து வந்த கோதுமையில் வேறு என்ன மணம் இருக்கும்? ஆனாலும் எல்லா மணிகளையும் ஒவ்வொன்றாக மணந்து பார்த்துவிட்டுத்தான் குப்பையில் போட்டேன்.

பகலில் நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் ஐந்து பேரும் முன்னறையில் நித்திரை. ஆறாவது பிள்ளை மூன்று நாட்களாக வரவில்லை. அவர்கள் எழும்புவதற்குள் இதை உங்களுக்கு எழுதிவிட வேண்டும்.

உங்களை முதன்முதல் சங்கத்து மண்டபத்தில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பார்க் எக்ஸ்டென்ஷனில் என் வீட்டிலிருந்து இரண்டு தெருக்களுக்கு அப்பால் இருந்த அந்தக் கட்டடத்தை நான் ஏதோ பழைய பள்ளிக்கூடம் என்றுதான் நினைத்திருந்தேன். யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்கு வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்க உள்ளே வந்தேன். நீலப்பட்டி அணிந்த கிரேக்கப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடுவில் அதே நீலப்பட்டியோடும் சிவப்புப் பொட்டோடும் நீங்கள். தட்டச்சு செய்த ஒரு தாளிலிருந்து பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தீர்கள். கூட்டம் முடிந்ததும் நேரே என்னிடம் வந்து, "எந்த ஊர் பிள்ளை?" என்றீர்கள். நான் வாயைத் திறக்குமுன், "யாழ்ப்பாணம். மூஞ்சியைப் பார்க்கவே தெரியுது, வாடகையைக் குறைக்கச் சொல்லித்தானே வந்தனீ?" என்றீர்கள்.

சங்கத்தின் கதையை நீங்கள்தான் சொன்னீர்கள். கோப்பை கழுவவும் தையல் ஆலையில் நிற்கவும் வந்த கிரேக்கர்கள், மொழி தெரியாத ஊரில் ஒருவருக்கொருவர் துணையாகச் சேர்த்த கூட்டம் அது. ஒருவரையொருவர் சகோதரன், சகோதரி என்றுதான் கூப்பிட வேண்டும். கிரேக்க வம்சத்தினர் சேரலாம், அவர்களைக் கலியாணம் முடித்தவர்களும் சேரலாம். கிரேக்கரான கோஸ்தா அத்தானைத் தையல் ஆலையில் கண்டு, நகரசபையில் பதிவுத் திருமணம் செய்த திருகோணமலைப் பெண் நீங்கள். சங்கத்தில் சேர நெஞ்சில் கைவைத்து உறுதிமொழி எடுத்தபோது பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"கோணேசரிட்டைக் கேட்டுட்டுத்தான் எடுத்தனான். அவருக்கு ஆட்சேபனை இல்லையாம்."

வருடத்துக்கு ஒருமுறை, மாரிகாலத்தில், இறந்துபோன உறுப்பினர்களின் பெயர்களை எல்லாம் அங்கே வாசிப்பார்கள். வாசித்து முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு சின்னக் கடதாசிப் பையில் கோலிவா கொடுப்பார்கள். அவித்த கோதுமையோடு சீனி, வறுத்த பாதாம், முந்திரிகை வற்றல், மாதுளை முத்து, கறுவாத்தூள். இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் சாப்பிடுவது. அந்தக் கோதுமையை முப்பது வருடம் நீங்கள்தான் அவித்தீர்கள். கிரேக்க வீட்டு மருமக்கள் வேறு எவருக்கும் பொறுமை இல்லை. அவிப்பது பெரிய வேலையல்ல. அவித்ததை வெள்ளைத் துணியில் பரப்பி, மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டி, ஈரம் ஒரு துளியும் இல்லாமல் காயவைப்பதுதான் வேலை. ஈரத்தோடு மூடினால் புளித்து நஞ்சாகிவிடும்.

"சோறெண்டா மூடி வைப்பம். இதை மூடினா ஆளை மூடவேண்டி வரும்" என்று நீங்கள் சொன்னது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் நான் எதையும் செய்யவில்லை, அக்கா.

ஏழு வருடங்களுக்கு முன், ஞாயிறன்று பெயர் வாசிப்பு இருந்த அந்த வாரம். பனிக்கட்டியில் வழுக்கி உங்கள் மணிக்கட்டு முறிந்திருந்தது. அத்தான் கிரேக்கத்துக்குப் போயிருந்தார். "உன்ர வீட்டில அவிப்பம் பிள்ளை, நான் வாயால கிளறுறன், நீ கையால கிளறு" என்று வியாழக்கிழமை பின்னேரம் வந்தீர்கள். பிள்ளைகள் போனபிறகு இரண்டு பெரிய பானைகளில் அவித்து, அவர்கள் படுக்கும் முன்னறை முழுவதும் விரிப்பில் பரப்பினோம். இரவு வீட்டுக்குப் போகும்வரை நீங்கள் சொல்லச் சொல்ல நான் புரட்டினேன். விடியத் தொட்டுப் பார்த்தேன். மேலே காய்ந்திருந்தது, அடியில் இன்னும் ஈரம். பிள்ளைகளைச் சமையலறையில் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

ஒன்பது மணிக்குக் கதவு மணி அடித்தது. கண்ணாடியால் பார்த்தால், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பெண். என் வீட்டில் நடக்கும் கார்டெரிக்கு, பிள்ளைகள் காப்பகத்துக்கு, சொல்லாமல் வருகிற பரிசோதகர். அப்போதுதான் எனக்கு அதை நடத்த அனுமதி கிடைத்து ஒரு வருடம். பிள்ளைகள் படுக்கும் அறையில் நிலம் முழுக்க அவித்த கோதுமை. நான் யோசிக்கவில்லை. விரிப்பின் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து, அப்படியே பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் கொட்டி, மூடியை அழுத்தி, நிலக்கீழ் அறையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டு ஓடிவந்து கதவைத் திறந்தேன். "போன்ஜூர்" என்று சிரித்தேன்.

அவர் மத்தியானம்வரை இருந்தார். திருத்த வேண்டியவை என்று ஒரு பட்டியல் எழுதித் தந்துவிட்டுப் போனார். அந்தப் பட்டியலைப் பார்த்து நடுங்கியதில் பெட்டியை மறந்தேபோனேன். சனிக்கிழமை காலை ஞாபகம் வந்து மூடியைத் திறந்தபோது சூடாக ஒரு மூச்சு என் முகத்தில் அடித்தது. புளிப்பு. அதிகமில்லை. தோசை மாவு பொங்கத் தொடங்கும்போது வருமே, அவ்வளவுதான்.

அப்போதே உங்களுக்கு போன் எடுத்திருக்க வேண்டும். கழுவினேன். மறுபடி பரப்பினேன். மின்விசிறியை வைத்தேன். பின்னேரம் நீங்கள் வந்தபோது கறுவாத்தூளை இரண்டு மடங்கு போட்டிருந்தேன். உங்களுக்கு அன்று தடிமன், மூக்கு அடைத்திருந்தது.

"காய்ஞ்சுதே பிள்ளை?"

"ஓம் அக்கா. நல்லாக் காய்ஞ்சுது."

அந்த ஒரு 'ஓம்'.

ஞாயிறு பின்னேரம், கோலிவா சாப்பிட்டவர்களில் பதினொரு பேர் வாந்தி எடுத்தார்கள். மகளிர் பிரிவின் தலைவி வசிலிக்கியின் வயதான தாயை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நாலு நாள் அங்கே இருந்தார். இரண்டாம் நாள் நான் உங்கள் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொல்லி, என் அனுமதி போய்விடும் என்று அழுதேன். நீங்கள் ஏசவில்லை. முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டீர்கள்.

"உன்ர வீட்டில அவிச்சதெண்டு ஆருக்குத் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்தான்."

"அப்ப என்ர வீட்டிலதான் அவிச்சது. மூக்கைச் சிந்து."

அடுத்த கூட்டத்தில் நீங்களே எழுந்து நின்று, ஒற்றைக் கையால் புரட்ட ஏலாமல் மூடி வைத்துவிட்டேன், என் பிழை என்று சொன்னீர்கள். நான் அங்கே இருக்கவில்லை. பிறகு நீங்கள்தான் வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னீர்கள். சமையலறைப் பொறுப்பை எடுத்துவிட்டார்களாம். இனி கோலிவா பேக்கரியிலிருந்து வருமாம். "வெளியால இருந்து வந்தவளுக்கு எங்கட வழக்கம் எப்பிடித் தெரியும்" என்று பின்வரிசையில் யாரோ கிரேக்கத்தில் சொன்னார்களாம். "முப்பது வருசமா எனக்குக் கிரேக்கம் விளங்குமெண்டு அவளவைக்கு இன்னும் தெரியேல்லை பாரன்!" என்றீர்கள். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது வந்தது வெட்கமல்ல, நிம்மதி. அதை இப்போது எழுதவே கை கூசுகிறது.

அதோடும் விடவில்லை நீங்கள். போன வருடம் வசிலிக்கி தன் பேத்தி எலேனிக்கு கார்டெரி தேடியபோது, "இவளைப் போலச் சுத்தம் பாக்கிற ஆள் இந்தப் பக்கத்திலேயே இல்லை" என்று என்னிடம் கூட்டிவந்தீர்கள். வசிலிக்கிக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணடித்தீர்கள். ஒவ்வொரு நாளும் காலையில் அந்தக் குழந்தை "போன்ஜூர் தாத்தி" என்று பிரெஞ்சில் மாமி முறை சொல்லி என் கழுத்தைக் கட்டும். அதன் பூட்டியைத்தானே நான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

நீங்கள் போன செய்தி வந்தபோதும், உங்களுக்காக அழுவதற்கு முன் ஒரு கணம், இனி இது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். ஒரு கணம்தான். மன்னியுங்கள்.

முப்பத்தோராம் நாள் கிரியைகளைத் திருகோணமலையில் உங்கள் தம்பி செய்தார். அதற்குப் பிறகு ஒரு நாள் கோஸ்தா அத்தான் என் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உங்களிடம் பழகிய தமிழில்தான் பேசினார்.

"தங்கச்சி, அவள் ஞானஸ்நானம் எடுக்கேல்லை. எங்கட கிரேக்கக் கோயில்ல பூசை இல்லை. சங்கத்தில நாப்பதாம் நாள் நினைவு வைக்கிறம். கோதுமை நீங்கள் அவிக்கோணும்."

"பேக்கரியில சொல்லலாமே, அத்தான்."

"பேக்கரி வேண்டாமெண்டு அவள் சொன்னவள். உங்கட பேரைச் சொன்னவள்."

ஏனக்கா என் பெயரைச் சொன்னீர்கள்? தண்டனையா, நம்பிக்கையா? இந்த ஏழு வருடத்தில் நான் கோதுமை மாவில் ரொட்டிகூடச் சுடவில்லை.

சனிக்கிழமை விடிய அவித்தேன். பிள்ளைகள் இல்லாத நாள். விரிப்பில் ஒரே படையாகப் பரப்பினேன். மணிக்கு மணி புரட்டச் சொன்னீர்கள், நான் கால்மணிக்கு ஒருமுறை புரட்டினேன். ஒவ்வொரு தடவையும் மணந்தேன். மணந்து மணந்து மூக்குக்கு எதுவுமே தெரியாமல்போனது. வாசலுக்குப் போய் குளிர்காற்றை இழுத்துவிட்டு வந்து மறுபடி மணந்தேன். பின்னேரம் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு காலையும் ஒரு கரண்டி சாப்பிட்டேன். கோதுமை நன்றாகத்தான் இருந்தது. பைகளில் போட்ட பிறகும் திறந்து திறந்து மணந்தேன். அப்போதுதான் விளங்கியது, நான் பயப்படுவது கோதுமைக்கு மட்டுமல்ல.

மண்டபத்தில் அறுபது பேர் வரை இருந்தார்கள். லாவாலிலிருந்தும் கர்க்லாண்டிலிருந்தும்கூட வந்திருந்தார்கள். முன்வரிசையில் வசிலிக்கி, பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவருடைய தாய். உங்கள் பெயரை வாசித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று, உன் நினைவு அழியாதிருக்கட்டும் என்று கிரேக்கத்தில் சொன்னார்கள். பிறகு வசிலிக்கி ஒலிவாங்கியில், "எங்கள் சகோதரி ஒருமுறை தவறியது உண்மை. அதை மறந்து, அவர் செய்த மற்றதையெல்லாம் நினைப்போம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். பெண்கள் தலையாட்டினார்கள். உங்களை மன்னித்தார்கள், அக்கா. கோலிவாப் பைகள் இருந்த தட்டோடு நான் சுவரோரம் நின்றேன்.

எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. தட்டை மேசையில் வைத்தது ஞாபகமிருக்கிறது. பிரெஞ்சில் தொடங்கினேன், பாதியில் சொல் வராமல் ஆங்கிலத்துக்கு மாறினேன். அவித்தது என் வீட்டில். மூடியது நான். மணம் தெரிந்தும் ஓம் என்றது நான். அவர் தவறவில்லை. இவ்வளவுதான் சொன்னேன். வசிலிக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து தன் தாயின் காதில் கிரேக்கத்தில் சொன்னார். அந்தக் கிழவி தன் மடியிலிருந்த கைப்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.

யாரும் தட்டுப் பக்கம் வரவில்லை. அத்தான்தான் முதலில் எழுந்து வந்தார். ஒரு பையை எடுத்துப் பிரித்து, ஒருவரையும் பார்க்காமல், நின்ற நிலையிலேயே முழுவதையும் சாப்பிட்டார். பிறகு சிலர் வந்து எடுத்தார்கள். பலர் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை பேர் வழியில் எறிந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

வெளியே படியில் அத்தான் என்னிடம் வந்தார். ஏசப்போகிறார் என்றுதான் நின்றேன்.

"தங்கச்சி, நான் அவளை ஏசினனான்."

எனக்கு விளங்கவில்லை.

"முப்பது வருசம் செய்தவள், எப்பிடி மூடினாய் எண்டு கேட்டன். அவளுக்கு மறதி வருத்தம் வருகுதெண்டு நினைச்சன். அண்டையிலிருந்து அவள் அடுப்பில என்ன வைச்சாலும் பின்னால போய்ப் பாத்தன். ஏழு வருசம். அவள் ஒண்டும் சொல்லேல்லை. 'பாருங்கோ, பாருங்கோ' எண்டு சிரிச்சவள்."

இது எனக்குத் தெரியாது, அக்கா. உங்களிடமிருந்து போனது சமையலறைப் பொறுப்பு மட்டும்தான் என்றே நம்பியிருந்தேன். உங்கள் வீட்டு அடுப்படியில், உங்கள் முதுகுக்குப் பின்னால், ஏழு வருடம் ஒருவர் சந்தேகத்தோடு நின்றார் என்று நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை எலேனி வரவில்லை. செவ்வாயும் இல்லை. இன்றும் இல்லை. வசிலிக்கி போன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவர் அனுமதி தந்த அலுவலகத்துக்குச் சொன்னால் மறுபடி யாராவது வருவார்கள். மற்றப் பெற்றோருக்குத் தெரிந்தால் என்ன செய்வார்கள் என்று தெரியாது. தெருவில் கார் நிற்கும் சத்தம் கேட்டாலே யன்னலுக்குப் போகிறேன்.

நேற்றுப் பின்னேரம் அத்தான் வந்தார். கோட்டைக் கழற்றவில்லை.

"மூண்டாம் மாசத்துக்கும் இதுபோல ஒண்டு வைக்கிறது வழக்கம். நீங்கள்தான் அவிக்கோணும். எங்கட வீட்டில."

"எனக்குப் பயமாயிருக்கு, அத்தான்."

"எனக்கும்தான். ரெண்டு பேர் பயந்து பயந்து பாத்தால் நல்லாக் காயும்."

ஓம் என்றேன். இந்த முறை முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

என் பயத்தை ஏழு வருடம் நீங்கள் வைத்திருந்தீர்கள். இப்போது அது என்னிடம் வந்துவிட்டது. அதை வேறு எவரிடமும் இனிக் கொடுக்கமாட்டேன், அக்கா.