முத்தட்டும் என்று நான் சொன்னது

அத்தை,

சொட்டு மருந்து கண்ணில் விழுந்த ஒரு நிமிஷத்தில் தொண்டை கசக்கிறது. அன்றைக்கு நீங்கள் இதையே சொன்னபோது, "கண்ணுல விட்டது தொண்டைக்கு எப்படி வரும்? சும்மா எதையாவது சொல்லாதீங்க" என்றேன். வருகிறது அத்தை. நீங்கள் சொன்னது நிஜம்தான்.

எனக்கும் வலது கண்ணில் புரை எடுத்து இன்றோடு ஐந்து நாள். ஆபரேஷனுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வலியும் இல்லை, கண்ணுக்குள் மண் விழுந்த மாதிரி ஓர் உறுத்தல்தான். உங்கள் மகன் ஆறு வேளையும் கடிகாரம் பார்த்து மருந்து விடுகிறார். மைன்ஸில் ஷிப்டு பார்த்த மனுஷர், ரிட்டயரான பிறகு இப்போது சொட்டு மருந்துக்கு ஷிப்டு பார்க்கிறார்.

நேற்று என்னைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மாளிடம் பெருமை அடித்துக்கொண்டார். "இவ தைரியசாலிங்க. டாக்டர் சொன்ன வாரமே போய்ப் படுத்துட்டா. எங்கம்மா இருந்தாங்களே, சரியான பயந்தாங்கொள்ளி. மூணு வருஷம் டிமிக்கி குடுத்தாங்க." அந்த அம்மாள் சிரித்தாள். நான் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்போது நாம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். காலையில் நான் பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்கு ஓடிவிடுவேன். சமையலும் பாத்திரமும் உங்கள் தலையில். டம்ளர் விளிம்பில் பாலாடை காய்ந்து ஒட்டியிருக்கும். நீங்கள் துலக்கிக் கவிழ்த்ததை எல்லாம், உங்கள் காதில் விழட்டுமென்றே, ணங்கு ணங்கென்று மறுபடி துலக்குவேன். "வெளிச்சம் பத்தலம்மா" என்றீர்கள். பெரிய டியூப்லைட்டாக மாட்டினோம். "இப்ப கண்ணு கூசுதும்மா" என்றீர்கள். "போட்டா கூசுது, போடலன்னா தெரியல. இன்னா கண்ணோ உங்க கண்ணு!" என்றேன். இரண்டுமே புரையின் வேலைதான் என்று இப்போது என் கண்ணே எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

ஒரு நாள் கண் சிகிச்சை முகாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஈரக்கையோடு வாசலுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தீர்கள். "நானும் போய்க் காட்டிகினு வந்துடட்டா?"

"முத்தட்டும் அத்தை. முத்தாம எடுத்தா சரிப்படாது" என்றேன்.

ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் நீங்களும் தலையாட்டினீர்கள். ஆனால் எனக்குத் தெரியும் அத்தை. எங்கள் ஆபீஸில் ஒரு டீச்சரம்மா அதற்குச் சற்று முன்னால்தான் புரை எடுத்திருந்தார். முத்தும்வரை காத்திருப்பதெல்லாம் அந்தக் காலம் என்று டாக்டர் சொன்னதை என்னிடம் விவரமாகச் சொன்னார். கூடவே, ஒரு மாசத்துக்கு அடுப்புக்கிட்ட போகக் கூடாது, குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது என்றார். என் மண்டையில் ஏறியது அந்த ஒரு மாசம் மட்டும்தான். சோறு யார் வடிப்பது, பாத்திரம் யார் துலக்குவது? அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன். வேறு காரணமே இல்லை.

மூன்று வருஷம். கடைசியில் கொதிக்கும் கஞ்சியைக் காலில் வடித்துக்கொண்டீர்கள். அன்றுதான் உங்கள் மகன் விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பாலா வெளுத்துப் போச்சே, இவ்ளோ நாள் ஏன் விட்டீங்க?" என்று சத்தம் போட்டார். நீங்கள்தான் முந்திக்கொண்டீர்கள்.

"நான்தாங்க பயந்துகினு வரல. இதுங்க கூப்டுகினுதான் இருந்துச்சிங்க."

உங்கள் மகன் அதை நம்பிவிட்டார்.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தீர்கள். "இன்னாம்மா, இப்பிடி எளைச்சிப் பூட்ட?" என்றீர்கள். அத்தனை நாளாக என் முகமே உங்களுக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த ஒரு மாசமும் நானே எல்லாம் செய்தேன். செத்தா போய்விட்டேன்? ஒரு மத்தியானம் நான் பாத்திரம் துலக்க, கறுப்புக் கண்ணாடியோடு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். "இந்த ஒரு மாசத்துக்குத்தான பயந்த? உடும்மா. நானும் மருமவளா இருந்தவதான்" என்றீர்கள். குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டேன். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு, போகிறவரைக்கும், நீங்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இன்று காலை "அண்ணாந்து பாரு" என்று உங்கள் மகன் மருந்தோடு வந்தார். "உங்கம்மா பயப்படல. நான்தான் போவ விடல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

வெளியே போய்விட்டார். வேளை தவறி, அரைமணி கழித்து வந்தார். இமையைப் பதமாகப் பிடித்து ஒரு சொட்டு விட்டார். பிறகு வாசலில் அவர் குரல் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு, "நேத்து எங்கம்மாவப் பத்தித் தப்பா சொல்லிட்டேங்க. அவங்க ஒண்ணும் பயந்தாங்கொள்ளி இல்ல. நாங்கதான் கவனிக்காம உட்டுட்டோம்" என்றார்.

உங்கள் பிள்ளைதானே அத்தை! எனக்குத் தொண்டை கசந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்து வாசலுக்குப் போனேன்.

"அவர் இல்லீங்க, நான்தான்" என்றேன்.

உங்களிடம் சொல்ல வேண்டியதை யார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறேன்.